கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்: ஆசிரியர்–பெற்றோர் 'கூட்டாண்மை' பற்றிச் சில குறிப்புகள்

"கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிடுங்க சார்." நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் யாருக்கும் இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடும்போது அப்பா வாத்தியாரிடம் சொல்வது. இன்றைக்கு அது சட்டப்படி தப்பு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதனால் இப்போது இந்த வாக்கியம் கிட்டத்தட்ட ஒரு ஜோக்காக மட்டும் உயிரோடு இருக்கு.

குடும்பமும் பள்ளியும் சேர்ந்து இயங்குவது பற்றிய ஆய்வுகளைச் சில மாதங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க இந்த வாக்கியம்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அடியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள், இது ஒரு ஒப்பந்தம். "படிப்பு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பிள்ளையை முழுசா உங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன், குறுக்கே வர மாட்டேன்." பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் பேசுகிற பேச்சு இல்லை இது. ஆனால் இன்றைய கல்வித்துறை மொழியில் இந்த அப்பாவுக்குப் பெயர் 'ஈடுபாடு இல்லாத பெற்றோர்'. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

இந்தத் துறையில் எதைத் தொட்டாலும் முதலில் வருபவர் ஜாய்ஸ் எப்ஸ்டீன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1995இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் பெற்றோர் ஈடுபாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்பு, தகவல் தொடர்பு, தன்னார்வ உதவி, வீட்டில் படிப்புக்குத் துணை, முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு சேர்ந்து செயல்படுவது. பிறகு வந்த பயிற்சிக் கையேடுகள் பலவற்றின் அடியில் இந்த ஆறுதான் கிடக்கிறது.

புரோகிராமர் புத்தியோடு இந்த ஆறையும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தேன். எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது, யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று. பிள்ளை வளர்ப்பு: பள்ளி வீட்டுக்குச் சொல்லித் தருகிறது. வீட்டுப்பாடத் துணை: பள்ளி கொடுப்பதை வீடு செய்து முடிக்கிறது. தன்னார்வம்: வீடு வந்து பள்ளிக்கு வேலை செய்கிறது. நியாயமாகச் சொல்லணும்னா, தொடர்பு இருவழியாக இருக்க வேண்டும் என்று எப்ஸ்டீன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். முடிவெடுப்பதையும் தனி வகையாக வைத்திருக்கிறார். ஆனால் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால் நிர்வாகம் அதில் எண்ண முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள், எத்தனை சுற்றறிக்கை போனது. பெற்றோர் ஒன்று சொன்னதால் பள்ளியில் என்ன மாறியது என்பதற்குப் பட்டியலில் இடமே இல்லை. ஆறு வகையும் பெற்றோர் 'செய்ய வேண்டியவை'. பள்ளி மாறிக்கொள்ள வேண்டியது ஏழாவது வகையாகவாவது வந்திருக்கலாம்.

(ராபின்சன், ஹாரிஸ் என்ற இருவர் 2014இல் எழுதிய ஒரு புத்தகம், அறுபதுக்கும் மேற்பட்ட பெற்றோர் ஈடுபாட்டு முறைகளை எடுத்துக்கொண்டு அவற்றில் பெரும்பாலானவை மதிப்பெண்ணை உயர்த்துவதாகத் தெரியவில்லை என்று சொல்லிப் பெரிய சண்டையைக் கிளப்பியது. மதிப்பெண்ணை மட்டும் வைத்து அளப்பதும் இன்னொரு வகைக் குறுகல்தான். அதை விட்டுவிடுகிறேன்.)

எப்ஸ்டீனை விட எனக்கு அதிகம் உதவியவர் சமூகவியலாளர் அனெட் லரோ. 1989இல் வந்த 'ஹோம் அட்வான்டேஜ்' அவருடைய முதல் புத்தகம். கலிஃபோர்னியாவில் இரண்டு தொடக்கப்பள்ளிகள். ஒன்றில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், இன்னொன்றில் நல்ல வசதியான, படித்த குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டிலும் ஆசிரியர்கள் பெற்றோரிடம் கேட்டது கிட்டத்தட்ட ஒன்றேதான்: வாருங்கள், பேசுங்கள், வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். பதில்தான் வேறு வேறு. தொழிலாளர் குடும்பங்கள் படிப்பை ஆசிரியரின் வேலையாகப் பார்த்தன. மருத்துவரிடம் போய் நாம் ஊசி போடச் சொல்லித் தருவோமா என்பது மாதிரி ஒரு மரியாதை. பள்ளிக்கு வந்தாலும் தயங்கி நின்றார்கள், விளையாட்டு மைதானம், பஸ் மாதிரியான விஷயங்களைப் பேசினார்கள். படிப்பைப் பற்றிக் கேட்டால் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற கூச்சம். வசதியான வீட்டுப் பெற்றோருக்கு ஆசிரியர் தங்களுக்குச் சமமானவர், சில சமயம் ஒரு படி கீழே. வகுப்புக்குள் வந்து பார்த்தார்கள், பாடத்தைக் கேள்வி கேட்டார்கள், சரிப்படவில்லை என்றால் ஆசிரியரைத் தாண்டி மேலே போனார்கள்.

நம்ம ஊர் அப்பாவின் 'கண்ணை மட்டும் விட்டுடுங்க'வைக் கலிஃபோர்னியாவிலும் வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது ஒரு நிம்மதி வந்தது. லரோவின் வாதம் எளிமையானது: இரண்டு வகைப் பெற்றோருமே பிள்ளை நன்றாகப் படிக்கணும்னுதான் நினைக்கிறார்கள். ஒரு வகையினரின் பழக்கத்தைப் பள்ளி தன்னுடைய அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது, மற்றவர்களை அதில் வைத்து எடை போடுகிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. நெருங்கிப் பார்த்தது பன்னிரண்டு வெள்ளையர் குடும்பங்களை மட்டும். வர்க்கம் தெரிகிறது, நிறம் தெரியவில்லை. பத்து வருஷம் கழித்து, 1999இல், எரின் ஹோர்வட்டோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதை ஈடு செய்கிறார். பள்ளி தங்கள் பிள்ளைகளை நிறம் பார்த்து நடத்துகிறது என்று சில கறுப்பினப் பெற்றோர் ஆசிரியர்களிடம் நேரடியாகவே சொன்னார்கள். அவர்கள் வந்தார்கள், பேசினார்கள், கவனித்தார்கள். கையேட்டின்படி பார்த்தால் முழு ஈடுபாடு. ஆனால் பள்ளி அவர்களைத் தொல்லையாகத்தான் பார்த்தது. ஆசிரியர்கள் எதிர்பார்த்த ஈடுபாடு பாராட்டும் நம்பிக்கையும் கலந்தது, குறை சொல்வது அதில் சேராது. இந்தக் கட்டுரையை வாசித்த பிறகு 'கூட்டாண்மை' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் வருது: இதில் மறுத்துப் பேசலாமா, இல்லை தலையாட்டினால் மட்டும்தான் கூட்டாளியா?

சரி, நம்ம பக்கம் வருவோம்.

தமிழ்நாட்டில் ஊரும் பள்ளியும் சேர்ந்த கதை நீளமானது. காமராஜர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நாற்காலி, கரும்பலகை, கட்டிடம், நிலம் என்று கொடுத்தார்கள். மதிய உணவும் தொடக்கத்தில் ஊரார் கையால் ஓடியதுதான். பெரிய காரியம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே குடும்பத்தின் பாத்திரம் கொடையாளர் பாத்திரம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வந்தபோதும் அந்த வாசனை போகவில்லை. என் தலைமுறைக்கு பி.டி.ஏ. என்றால் இரண்டே அர்த்தம்: பத்தாம் வகுப்பில் வாங்கிய பி.டி.ஏ. கொஸ்டின் பேங்க், காலிப் பணியிடத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வந்த பி.டி.ஏ. டீச்சர். அந்தக் கழகத்தில் என் அம்மாவும் ஓர் அங்கம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் இதை மாற்றப் பார்த்தது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்கணும். தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் குழுக்களை மறுபடி அமைத்தார்கள், 20 உறுப்பினர்கள், அதில் 15 பேர் பெற்றோர். தாளில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. (அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சட்டப்படி குழு கட்டாயமில்லை. காசு கட்டுகிறவருக்குக் குரல் தேவையில்லை, வேண்டாம்னா டிசி வாங்கிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார்கள் போல.)

ஒரு முன்னாள் மாணவனாக, அப்படி ஒரு கூட்டத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு கிடைத்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல். வந்தவர்கள் எல்லாரும் பெண்கள், பாதிப் பேர் நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், எல்லாருக்கும் டீ சொல்லியிருந்தார். தீர்மானங்களை அவரே படித்தார், கையெழுத்து வாங்கினார். ஒரு அம்மா எழுந்து, "பொட்டப் பிள்ளைங்க பாத்ரூம்ல தண்ணியே வர்றதில்ல சார்" என்றார். "பஞ்சாயத்துல சொல்லியாச்சும்மா, ஃபண்டு வரணும்" என்று பதில் வந்தது. தீர்மானப் புத்தகத்தில் அது இப்படி ஏறியது: 'கழிப்பறைப் பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது.'

கூட்டம் முடிந்து கேட் பக்கம் நிற்கும்போது அதே அம்மா என்னிடம் சொன்னது வேறு விஷயம். "அஞ்சாவது படிக்கிறாண்ணே என் பொண்ணு, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறா." உள்ளேயே கேட்டிருக்கலாமே என்றேன். "அதெப்படி கேக்குறது? டீச்சர் தப்பா எடுத்துக்குவாங்க. நாளைக்கு அவ அங்கதானே போயி உக்காரணும்."

தண்ணீர் வரவில்லை என்று சொல்லலாம், அது யாரையும் குத்தாது. பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் ஒரு ஆளைச் சுட்டுவதாக ஆகிவிடும். அந்த ஆள் கையில்தான் தினமும் ஆறு மணி நேரம் பிள்ளை இருக்கிறது. நான் வாசித்த கட்டுரைகளில் பெற்றோர் பேசாததற்குக் காரணமாக நேரமின்மை, படிப்பின்மை, கூச்சம், விழிப்புணர்வு போதாமை என்று நிறைய வருகிறது. பிள்ளை பிணையாக இருக்கிறது என்ற கணக்கு அதிகம் வருவதில்லை. விழிப்புணர்வு முகாம் நடத்தினால் இந்தக் கணக்கு மாறாது. அந்த அம்மாவுக்கு விழிப்புணர்வுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இதை ஒரே ஒரு கேட் வாசல் பேச்சை வைத்துச் சொல்லக் கூடாது என்பதால் அடுத்த ஆய்வுக்குப் போகிறேன். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டம், 280 கிராமங்கள். அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஐந்து பேர் செய்த சோதனை, 2010இல் வெளியானது. அங்கே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று சட்டப்படி ஏற்கெனவே இருந்தது: பஞ்சாயத்துத் தலைவர், தலைமை ஆசிரியர், மூன்று பெற்றோர். பெற்றோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. உறுப்பினர்களிலேயே ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியாது. சிரிக்காதீர்கள், உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் நீங்கள் எந்தக் கமிட்டியில் இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று விதமாக முயன்று பார்த்தார்கள். சில கிராமங்களில் கூட்டம் போட்டு உரிமைகளையும் குழுவின் அதிகாரங்களையும் விளக்கினார்கள். சிலவற்றில் அதோடு, பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஊராரே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். சிலவற்றில் இவை இரண்டோடு, உள்ளூர் இளைஞர்களுக்குப் பள்ளிக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தப் பயிற்சி தந்தார்கள். பள்ளிக்குள் எதுவும் அசையவில்லை. பெற்றோர் பங்கேற்பும் ஆசிரியர் உழைப்பும் கற்றலும் அப்படியே இருந்தன. ஆனால் வாசிப்பு முகாமுக்கு வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். அதாவது ஊருக்கு அக்கறை இருந்தது, உழைக்கவும் ஆள் இருந்தது. பள்ளியோடு மல்லுக்கட்டத்தான் யாரும் போகவில்லை.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் 'பங்கேற்பு வேலைக்காகாது' என்ற முடிவுக்கு வருகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த இடத்தில் பங்கேற்கச் சொன்னார்கள் என்று பார்க்கணும். நியமனம், இடமாற்றம், பாடத்திட்டம், சம்பளம் எதுவும் கிராமத்தில் தீர்மானமாவதில்லை. ஆசிரியருக்கே அவற்றில் பேச்சு கிடையாது. பாடப்புத்தகத்தை முடிக்கணும் என்று மேலிருந்து உத்தரவு இருக்கும்போது, ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்காக நின்று நிதானிக்க அவருக்கு அனுமதி எங்கே? கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவெடுக்க முடியாத இரண்டு பேர். பெற்றோருக்கு ஆசிரியரிடம் பயம், ஆசிரியருக்கு அலுவலகத்திடம் பயம். இருவரும் பத்திரமாகப் பேச முடிந்தது குழாயையும் சுற்றுச்சுவரையும் பற்றித்தான்.

தனியார் பள்ளியில் பயத்தின் திசை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். அங்கே லரோவின் வசதியான பெற்றோர் நாமேதான். மிஸ் பேசியது பிடிக்கவில்லை என்றால் கரஸ்பாண்டன்ட் வரைக்கும் போவோம், வேலை போவது மிஸ்ஸுக்கு. அதனால் ஓபன் டே அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் அவர் சொல்வது, "குட் பாய், இன்னும் கொஞ்சம் கான்சென்ட்ரேட் பண்ணணும்." இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள், அட்மின் மட்டும்தான் எழுத முடியும். நிஜப் பேச்சு நடப்பது ஆசிரியர் இல்லாத, அம்மாக்கள் தனியாகத் தொடங்கிய இன்னொரு குழுவில். இரண்டுக்கும் நடுவே எதுவும் கடப்பதில்லை.

மாற்று வழி இருக்கிறதா? இந்த வாசிப்பில் என்னை அதிகம் ஈர்த்தது அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் லூயிஸ் மோல், காத்தி அமாண்டி, டெபோரா நெஃப், நோர்மா கொன்சாலஸ் ஆகியோர் செய்து 1992இல் எழுதிய வேலை. அமாண்டி பள்ளி ஆசிரியை. மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் போனார்கள், அறிவுரை சொல்வதற்கு இல்லை, கற்றுக்கொள்வதற்கு. ஒரு பையன் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை விற்கிறான் என்று தெரிந்தது. அதையே வகுப்புப் பாடமாக்கினார்கள்: என்னென்ன சேர்கிறது, விலை எப்படிப் போடுவது, எப்படி விற்பது. ஒரு மாணவரின் அம்மா வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்யச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு வகுப்பில் எல்லாம் தெரிந்தவர் அவர்தான். அம்புக்குறி திரும்பிய அபூர்வமான இடம் இது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு இங்கே இறக்க முடியாது. வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும், ஆய்வாளர்கள் துணை வேண்டும். நம்ம அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வீடுகளுக்குப் போகிறார்கள்தான். பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு, சேர்க்கைப் பிரச்சாரத்துக்கு, வாக்காளர் பட்டியலுக்கு. கையில் படிவத்தோடு போகிறவரிடம் வீட்டுக்காரர் ரேஷன் கார்டைத்தான் எடுத்து நீட்டுவார். 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம் இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாதம் 1000 ரூபாய், மாலையில் திண்ணையிலோ கோயில் வாசலிலோ வகுப்பு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்பில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. ஜவுன்பூரின் வாசிப்பு முகாம், மாநில அளவில்.

இதைக் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இரண்டு ஊரிலும் வெற்றி கிடைத்தது பள்ளியைச் சுற்றிக்கொண்டு போன பாதையில். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் பெயர் சொல்லிச் சொல்லுவார். அவர் ஒரு நாள் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னால், அது தீர்மானப் புத்தகத்தில் எந்தச் சொற்களில் ஏறும்? குழுத் தீர்மானங்களைச் செயலியில் பதிவேற்றும் முறையும் இப்போது வந்திருக்கு, நல்லதுதான். எங்கள் வேலையில் ஒரு புகார் வந்தால் அதற்கு ஒரு எண் உண்டு, அது யார் கையில் இருக்கிறது என்று தெரியும், மூடினால் காரணம் எழுதணும். குழாய்க்கு அதைச் செய்துவிடலாம். பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பதை டீச்சரின் குற்றமாகவும் பெற்றோரின் குற்றமாகவும் இல்லாமல், இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஒரு பிரச்சினையாக எழுதி வைக்க நமக்கு இன்னும் ஒரு வாக்கியம் அமையவில்லை. 'விவாதிக்கப்பட்டது' என்பது அந்த வாக்கியம் இல்லை.

வாசிப்பவர்களில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களோ ஆசிரியர்களோ இருந்தால் ஒரு சின்ன உதவி. உங்கள் பள்ளியின் தீர்மானப் புத்தகத்தில் கடைசி ஒரு வருஷத்தைப் புரட்டி, 'சுற்றுச்சுவர்', 'கழிப்பறை' எத்தனை தடவை வருது, 'வாசிப்பு' எத்தனை தடவை வருதுன்னு எண்ணிச் சொல்லுங்க. பள்ளியின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.